சீட்டில் இருந்தது பாதி உண்மை

எங்கள் தெருவுக்கும், தெருவைத் தாண்டி உதவிய எல்லோருக்கும்,

வாசலில் தொங்கிய நட்சத்திரத்தை இறக்குவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். இன்று ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். நட்சத்திரம் காலையிலேயே இறங்கிவிட்டது. மடல் இப்போதுதான் ஏறுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கள் அடுப்படியிலிருந்து 72 பலகாரப் பெட்டிகள் போயின. ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் நான் ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன்: 'எங்கள் வீட்டில் செய்தது.' வாங்கியவர்கள் போன் போட்டு, "உங்க கைப்பக்குவமே தனி" என்கிறார்கள். முதல் நாலைந்து பேரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு அதை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆறாவதாகப் பேசியவர் அச்சு முறுக்கைப் புகழ்ந்தார். அந்த 1,080 முறுக்கில் ஒன்றுகூட நான் சுட்டதில்லை. அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது. அதனால் யார் யார் கை பட்டது என்பதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பாளையங்கோட்டையில் பண்டிகைக்கு முந்தின நாட்களில் பலகாரத் தட்டு வீடு வீடாகப் போவது பழைய வழக்கம். தீபாவளிக்கு எங்களுக்கு வந்த தட்டுக்கும், நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் வந்த கஞ்சிக்கும் அது பதில் மரியாதை. அம்மா நடமாடிய காலத்தில் நாற்பது வீட்டுக்குக் கொடுப்பார்கள். காசு என்ற பேச்சே கிடையாது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள், "அக்கா, காசு வாங்கிக்கிட்டாவது அனுப்புங்க" என்று கேட்கப்போய்தான் அக்டோபரில் முப்பது பெட்டி என்று துணிந்தேன். வாட்ஸ்அப் அதை 72 ஆக்கிவிட்டது. அரைக் கிலோ பிளம் கேக், 12 மக்ரூன், 15 அச்சு முறுக்கு, 10 முந்திரிக்கொத்து, ஒரு பொட்டலம் சுக்குக் காபிப் பொடி, அதற்கு ஒரு வட்டு உடன்குடிக் கருப்பட்டி, ஒரு பாட்டில் இஞ்சி ஒயின். இதெல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 850 ரூபாய். எழுதிக்கொடுக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் நன்றி எதிர்வீட்டு மைனிக்கு.

நான் கடையில் வாங்கிய புது அச்சு மாவை விடவே இல்லை. எண்ணெயில் முக்கினால் மாவு அச்சோடு ஒட்டிக்கொண்டு கருகும். கம்பியை வைத்துச் சுரண்டிச் சுரண்டி முதல் நாள் முழுக்க உருப்படியாக வந்தது நாலு முறுக்கு. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மைனி ஒன்றும் பேசாமல் போய், தன் அம்மா சீதனமாகக் கொடுத்த பித்தளை அச்சை எடுத்துக்கொண்டு வந்தார். என் அச்சை வடிகஞ்சியில் ஒரு நாளும் எண்ணெயில் ஒரு ராத்திரியும் ஊறப்போடச் சொன்னார். "பழகணும்ளா, புது மருமக மாதிரி" என்றார். அவருக்கு மூன்று மருமகள்கள், பேச உரிமை உண்டு.

பிறகு மூன்று நாளும் விடியற்காலை நாலரைக்கு வாசலில் மார்கழிக் கோலத்தைப் போட்டுவிட்டு, கையில் கோலப்பொடி உதிர உதிர நேரே எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவார். அவர் முறுக்கு சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அச்சை எண்ணெயிலேயே கிடத்திக் காயவைப்பார். தூக்கி, ஒட்டியிருக்கும் எண்ணெயைச் சொட்டவிடுவார். தேங்காய்ப்பாலும் முட்டையும் எள்ளும் கலந்த மாவில் முக்கால் அளவுக்குத்தான் முக்குவார். மேல் விளிம்பில் மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழலாது, அதுதான் நான் செய்த தப்பு. முக்கினதும் 'ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் அச்சு ஆறிப்போயிற்று என்று மறுபடி எண்ணெய்க்கே கொண்டுபோய்விடுவார். எண்ணெயில் இறக்கி மெல்ல இரண்டு ஆட்டு ஆட்டினால் பூ தானாகக் கழன்று மிதக்கும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காதை வைத்துக்கொண்டே ஆயிரம் முறுக்கு சுட்டுப் போட்டார். மைனி, கணக்குப் பார்த்துக் காசு கொடுக்க வந்தபோது கதவைச் சாத்தினீர்களே, அதற்கு மட்டும் நன்றி சொல்ல மாட்டேன்.

மக்ரூன் தூத்துக்குடியில் வாக்கப்பட்ட என் சித்தியுடையது. முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, இந்த மூன்றுதான். ஆனால் மழைக்காலத்தில் அதைப்போலப் படுத்துகிற பலகாரம் வேறில்லை. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் நமத்துப்போய்ப் பல்லில் ஒட்டும். சித்தி இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் காயவைத்து, ஆறின கையோடு டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி மைதாப் பசை தடவிய துணியால் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்த பஸ் கண்டக்டரின் பெயர் எனக்குத் தெரியாது. சரக்குப் பெட்டியில் போட்டால் நொறுங்கிவிடும் என்று சித்தி கெஞ்சியிருக்கிறார். அவர் மூன்று டப்பாவையும் தன் இருக்கையில் வைத்துவிட்டு, வேய்ந்தான்குளம் பஸ் நிலையம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். நான் நீட்டிய ஐம்பது ரூபாயை வாங்காமல், "ரெண்டு மக்ரூன் குடுங்கம்மா, போதும்" என்றார். இதை அவர் படிக்க நேர்ந்தால், அன்று பதற்றத்தில் டப்பாவைத் திறக்காமலே போய்விட்டேன், உங்கள் பங்கு இன்னும் பாக்கி.

இன்னொன்று. மக்ரூனுக்கு 70 முட்டை உடைத்ததில் 70 மஞ்சள் கரு மிஞ்சியது. சித்தி வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு வாரம் மஞ்சள் ஆம்லெட்டாகவே சாப்பிட்டார்களாம். அந்த ஜீவன்களுக்கும் நன்றி.

கேக்குக்கு வருகிறேன். என் வீட்டு அவனில் ஒரு தடவைக்கு இரண்டு கேக்தான் வேகும். 72 கேக்கை அதில் வைத்தால் ஈஸ்டர் வந்துவிடும். பேக்கரி அண்ணாச்சி ராத்திரி பதினோரு மணிக்குத் தன் வேலை முடிந்ததும் விறகு அடுப்பை எனக்கு விட்டுக்கொடுத்தார், இரண்டு ராத்திரி. டிசம்பரில் பேக்கரிக்காரருக்குத் தூக்கம் எவ்வளவு அருமை என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும். சர்க்கரையைக் கருக்கும்போது மாநிறம் வந்ததுமே நான் தண்ணீர் ஊற்றப் போனேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தடுத்துக்கொண்டே இருந்தவர், புகை கிளம்பும் நேரத்தில்தான் "இப்ப ஊத்துங்க, முகத்தைத் திருப்பிக்கிட்டு" என்றார். கேக்கின் அந்தக் கருநிறத்தைப் பாராட்டியவர்கள் அவருக்கு எழுதுங்கள்.

கேக்கில் மட்டும் முட்டை வேண்டாம் என்று கேட்ட 9 பெட்டிகளுக்குத் தயிர் ஊற்றிக் கேக் செய்யச் சொல்லிக் கொடுத்த கீழத்தெரு மாமிக்கும் நன்றி. என் நாக்குக்கு அதுதான் இன்னும் மெத்தென்று இருந்தது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இனி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெட்டியில் இஞ்சி ஒயின் வருவதாக முதலில் திட்டமில்லை. திராட்சை ரசம்தான் என்று இருந்தது. கம்பத்திலிருந்து வந்த பன்னீர் திராட்சை பத்துக் கிலோ வாங்கி, நசுக்கி, சர்க்கரை போட்டு, அரைகுறையாகச் சுடவைத்து 18 பாட்டிலில் ஊற்றி, கார்க் அடித்து ஜன்னலோரம் அழகாக அடுக்கிவைத்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அம்மா "ஏட்டி, கள்ளன்!" என்று கத்த, நான் துடைப்பத்தோடு ஓடிப் பார்த்தால் சுவரெல்லாம் ஊதா நிறம். மூன்று கார்க் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது, ஒன்று மின்விசிறி இறக்கைமேல் கிடந்தது.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் மறுநாள் வந்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். திராட்சைத் தோலில் இயல்பாகவே ஈஸ்ட் இருக்கும், அது சாகிற அளவுக்கு நான் சுடவைக்கவில்லை, மூடின பாட்டிலுக்குள் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் வாயுவாகவும் மாற்றிவிட்டது என்று பாடமே எடுத்தார். "இதை நீ வித்தேன்னா அது பலகாரக் கணக்குல வராதும்மா, 1937 மதுவிலக்குச் சட்டத்துல வரும்" என்றார். அன்றே மீதிப் பாட்டிலையும் கண்ணீரோடு சாக்கடையில் ஊற்றினேன். இரண்டு நாள் எங்கள் தெருவில் வீசிய வாசனைக்கு யாரும் புகார் சொல்லவில்லை. தெருவுக்கு நன்றி.

அவர்தான் இஞ்சிக்கு மாறச் சொன்னார். பெயரில்தான் ஒயின், ஒரு சொட்டுப் போதை கிடையாது. நசுக்கின இஞ்சி, பட்டை, கிராம்பு, இரண்டு வற்றல் மிளகாய் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கருக்கின சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பது. பாட்டிலை வெந்நீரில் போட்டு எடுத்து, சூடு ஆறுமுன் அதில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூட வேண்டும் என்று வாத்தியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். சமையல் தெர்மாமீட்டரும் அவருடையதுதான். ஒரு பாட்டில்கூட வெடிக்கவில்லை. ஆனால் நான் நம்பி ஒப்படைத்த கூரியரில் நாலு பாட்டில் உடைந்து, கூடவே இருந்த கேக்கும் ஊறிப்போனது. அந்த நாலு வீட்டாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒருவர், "இஞ்சி ஊறின கேக் நல்லாத்தான் இருக்குது" என்று எழுதியிருந்தார். காசைத் திருப்பி அனுப்பினாலும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்கு இரண்டு பாட்டில்.

கருப்பட்டி வாங்கித் தந்த அண்ணனுக்கு ஒரு தனி வரி. பதநீர் இறக்குவது கோடையோடு முடிந்துவிடும், டிசம்பரில் கிடைப்பதெல்லாம் இருப்புச் சரக்கு. அதிலும் சீனி கலந்தது ஏராளம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லி விற்கிறவர்கள் கூடிவிட்டார்கள் என்பது என் எண்ணம். அண்ணன் ஒவ்வொரு வட்டையும் உடைத்து, வாயில் போட்டுப் பார்த்து வாங்கினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை, பாவம்.

மணப்பாட்டில் ஓலைப்பெட்டி முடைந்து தந்த அக்காமார் நாலு பேருக்கும் நன்றி. அட்டைப்பெட்டியில் கொடுத்திருந்தால் செலவு பாதிதான் ஆகியிருக்கும். ஆனால் பெட்டியைத் திறந்ததும் வருகிற பச்சோலை மணம் அட்டைக்கு வருமா? பெட்டி வந்து சேர்ந்த வாரம் அடைமழை. ஓலை பூசணம் பிடித்துவிடும் என்று அவர்கள் போனில் எச்சரிக்க, 72 பெட்டியையும் எங்கள் வீட்டு மாடியறையில் காற்றாடிக்குக் கீழே பரப்பித் தினம் இரண்டு வேளை திருப்பிப் போட்டவர்கள் மூன்றாம் வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மதிப்பெண் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

இ-சேவை மையத்துத் தம்பி, உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பித்துக் கொடுத்தாய். கட்டணம் வருஷத்துக்கு நூறு ரூபாய்தான் என்றபோது நான் நம்பவில்லை. முட்டை சேர்ந்த பலகாரத்துக்குப் பச்சைக் குறி போடக்கூடாது, பழுப்புக் குறிதான் என்று நீ பிடித்துச் சொல்லாவிட்டால் பெரிய தப்பாகியிருக்கும். ஆட்டோக்கார அண்ணாச்சி, 23-ஆம் தேதி ராத்திரி கீத பவனிக் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து 31 பெட்டியைக் கொண்டு சேர்த்தீர்கள். ஹாரன் அடிக்காமல் பாட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், காசு வாங்கிச் செய்த காரியம் ஆயிற்றே. வரவு 61,200. சாமான், பெட்டி, பாட்டில், விறகு, அனுப்பின செலவு எல்லாம் போக மிஞ்சியது 14,350. அதில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தவர்களுக்குக் கொடுத்தது 9,000. மீதியில் ஒரு பெரிய இரும்புச் சட்டி வாங்கப்போகிறேன், இரவல் சட்டியில் எண்ணெய் காய்கிறவரைக்கும் அடித்துக்கொண்ட நெஞ்சு எனக்குத்தான் தெரியும்.

அம்மாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவர்களுக்கு இந்த மடலே பிடிக்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. அடுப்படி வாசலில் அந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு 720 முந்திரிக்கொத்தையும் உருட்டியது அவர்கள் கைதான். சிறுபயறு வறுபடுகிற வாசனையிலேயே, "இறக்கு, போதும்" என்று சொல்லிவிடுவார்கள். பாகு சூடாக இருக்கும்போதே உருட்டினால்தான் பிடிக்கும் என்பதால் உள்ளங்கை சிவந்துபோயிற்று. முந்திரியே இல்லாத பலகாரத்துக்கு எதற்கு இந்தப் பெயர் என்று மக்ரூன் டப்பாவைச் சுமந்து வந்த ஆட்டோ அண்ணாச்சி கேட்டார். "மூணு மூணா ஒட்டியிருக்கிறதப் பாரும், கொடிமுந்திரிக் கொத்து மாதிரி இல்ல?" என்று அம்மா கேட்டதும் அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. எங்கள் வீட்டில் சொந்தக்காரர் தெரியாத பாத்திரங்கள் இவை: அடியில் 'ம.செ.' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று, கைப்பிடி ஆடும் தூக்குவாளி இரண்டு, ஒரு பித்தளைக் கரண்டி, பழுப்பு மூடி போட்ட ஐந்து லிட்டர் டப்பா. பெரிய ஜல்லிக்கரண்டி ஒன்று எங்களுடையதுதான் என்று நினைத்திருந்தேன், அம்மா இல்லை என்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். வெறும் பாத்திரமாகத் தர மாட்டேன். இன்னும் கொஞ்சம் சுக்குக் காபிப் பொடி இருக்கிறது.