விழுது தொங்குவது வடக்கிலா, தெற்கிலா?

ஆசிரியருக்கு,

கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் பீலியில் ஐஸ் விழுது தொங்கினால், அற்றிக்கில் (கூரைக்குக் கீழுள்ள வெற்றிடத்தில்) சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் போதாது என்று சொல்லி வேலை பிடிப்பவர்கள் ரொறன்ரோவில் உண்டு. அது பாதி உண்மைதான். விழுது எந்தப் பக்கம், எந்த நேரத்தில் வளர்கிறது என்று முதலில் பாருங்கள்.

டிசம்பர் கடைசியில் இங்கே நண்பகல் வெயிலே அடிவானத்திலிருந்து 23 பாகைதான் உயரும். 12 அடிக்கு 6 அடி ஏறும் கூரையின் சரிவு 26 பாகைக்கும் சற்று அதிகம். ஆகவே நேர் வடக்குப் பார்த்த அந்தச் சரிவில் ஜனவரி மூன்றாம் வாரம் வரை நேர் வெயில் படாது. மைனஸ் 8இல், மூடிய வானத்தில், இரவிலும் அங்கே விழுது நீளுமானால் பனியை உருக்குவது உங்கள் வீட்டுச் சூடுதான். தெற்குப் பக்கம் வேறு கதை. கூரையை மூடியிருக்கும் கறுத்த ஷிங்கிள் தகடு கொஞ்சம் வெளியே தெரிந்தாலே போதும், மைனஸ் 4இலும் மத்தியானம் உருகிச் சொட்டும். வெயில் சாய்ந்ததும் நின்றுவிடும். நல்ல இன்சுலேஷன் உள்ள கூரையில் பனி அதிக நாள் கிடப்பதால் இந்த வெயில் விழுது அங்கேயும் வரும். அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

வீட்டுச் சூடுதான் காரணம் என்றால், பனி பெய்த மறுநாள் காலை தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கூரையைப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே தட்டு அளவில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தால், அதற்கு நேர் கீழே பெரும்பாலும் கழன்று கிடக்கும் வோஷ்ரூம் ஃபேன் குழாய், உட்கூரையில் பதித்த பொட் லைற், அல்லது அற்றிக் மூடி இருக்கும். இவற்றைச் சுற்றியுள்ள ஓட்டைகளை அடைக்காமல் மேலே இன்சுலேஷன் கொட்டினால் சூடான ஈரக்காற்று அதற்குள்ளாலும் ஏறும். வயர், தண்ணீர்க் குழாய் இடுக்குகளுக்கு ஃபோம் போதும். புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் கூடவே கூடாது. தகரமும் சூடு தாங்கும் சீலன்றும்தான்.

அடுத்தது காற்றோட்டம். ஆர்-60 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு) போட்ட பிறகு விழுது கூடிய வீடுகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான்: குழாயால் ஊதிய செலுலோஸ் (காகித நார் இன்சுலேஷன்) சொஃபிற் துவாரங்களை, அதாவது கூரை ஓரத்தின் அடிப்பக்கத்துக் காற்றுத் துவாரங்களை, மூடியிருக்கும், குளிர்காற்று உள்ளே வராது, கூரைப் பலகை சூடாகும். ஊதுவதற்கு முன்பே ஓரங்களில் காற்று வழியைத் திறந்து வைக்கும் பஃபிள் தட்டு வைத்து, பலகைக்கும் இன்சுலேஷனுக்கும் இடையில் 63 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். செலுலோஸ் என்றால் ஆர்-60க்கு 16, 17 அங்குலம் வரும்.

பீலியைச் சுத்தியலால் தட்டாதீர்கள், ஷிங்கிள் உடையும். நீண்ட பிடியுள்ள கூரை ரேக்கினால், தரையில் நின்றபடி, கீழ்ச் சரிவில் ஒரு மீற்றருக்குப் பனியை இழுத்து விட்டால் போதும்.

விலைக்குறிப்பில் ஓட்டை அடைப்பும் பஃபிளும் தனித்தனி வரிகளாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்குலக் கணக்கு மட்டும் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கூரை, இன்சுலேஷன் வேலை செய்வோர் சிலர்
ஸ்காபரோ