தோட்டா வேறு, குண்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான் வேட்டை ரைபிள்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எந்தத் தோட்டா வாங்குவது என்ற கேள்வியை 'அளவு பெரியதாகவும் வேகம் கூடியதாகவும் பார்த்து வாங்கினால் போதும்' என்று ஒரே வரியில் முடித்து, கூடுதல் வேகம் தரும் மேக்னம் வகைத் தோட்டாவையும் பரிந்துரைத்துவிட்டது. அந்த வரியை நம்பிக் கடைக்குப் போகிறவர் தவறான பெட்டியோடு திரும்ப வாய்ப்பு அதிகம். உரிமம் பெற்று மான் வேட்டையாடச் சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தோட்டா, குண்டு என்ற இரண்டு சொற்களையும் நாம் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பித்தளைக் கூடு, பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. குழலை விட்டுப் போய் மானைத் தொடுவது குண்டு மட்டுமே. பெட்டியின் மேல் '.308 வின்செஸ்டர், 150 கிரெய்ன்' என்று கொட்டை எழுத்தில் இருப்பது, அந்தத் தோட்டா உங்கள் ரைபிளில் நுழையுமா, குண்டின் எடை என்ன என்பதை மட்டும் சொல்லும் (.308 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்; கிரெய்ன் என்பது எடை அலகு). அந்தக் குண்டு எப்படிக் கட்டப்பட்டது என்பது கீழே சிறிய எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரே .308, ஒரே எடை என்றாலும் நான்கு பெட்டியில் நான்கு விதக் குண்டு இருக்கலாம். முழு உலோக உறை போட்ட ராணுவப் பாணிக் குண்டு விரியாது. ஊசி போல மறுபக்கம் போய்விடும். மான் உடனே விழாமல் வெகுதூரம் ஓடிச் செத்து, கிடைக்காமலே போகும். பல இடங்களில் மானுக்கு இதைச் சட்டமே தடுக்கிறது. இலக்குச் சுடும் போட்டிக்கான 'மேட்ச்' குண்டின் நுனியிலும் சிறு துளை இருக்கும். அதைப் பார்த்து வேட்டைக் குண்டு என்று எண்ணி வாங்குகிறவர்கள் உண்டு. அந்தத் துளை துல்லியத்துக்காகச் செய்யும் முறையில் வருவது. விரிவதற்காக வைத்தது அல்ல. சில நேரம் விரியாமல் போகும், சில நேரம் பொடிந்து போகும். நம்பமுடியாது.

வேட்டைக்கென்றே செய்தவற்றில் பழையதும் விலை குறைந்ததும் சாஃப்ட் பாயின்ட். செம்பு உறைக்குள் ஈயம், நுனியில் ஈயம் வெளியே தெரியும். ரெமிங்டன் கோர்-லாக்ட், ஃபெடரல் பவர்-ஷாக், வின்செஸ்டர் பவர்-பாயின்ட் எல்லாம் இந்த வகை. 'மலிவு, பழசு' என்று இவற்றை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நடுத்தர மானை 200 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. பாலிமர் (பிளாஸ்டிக்) நுனி வைத்தவை காற்றை எளிதாகக் கிழித்துப் போகும், பட்டவுடன் வேகமாக விரியும். ஆனால் அந்த நுனிக்குப் பின்னால் இருக்கும் உறை மெல்லியதா தடித்ததா என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். நுனியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டியவை 'பாண்டட்' குண்டுகள்: ஃபெடரல் ஃபியூஷன், நோஸ்லர் அக்யூபாண்ட் போல. நோஸ்லர் பார்ட்டிஷன் 1948இலிருந்து விற்பனையில் இருக்கிறது. குண்டின் நடுவே ஒரு செம்புச் சுவர். முன்பாதி விரிந்து சிதைந்தாலும் பின்பாதி உருக்குலையாமல் ஊடுருவும். கடைசி வகை முழுச் செம்பு, பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் போன்றவை. இதில் ஈயமே இல்லை.

இவற்றில் எது என்பதைத் தீர்மானிப்பது குண்டு மானைத் தொடும்போது இருக்கும் வேகம். புறப்படும் வேகம் அல்ல. மெல்லிய உறைக் குண்டு 40 மீட்டரில் மேக்னம் வேகத்தோடு தோள் எலும்பில் மோதினால் அங்கேயே உடைந்து சிதறும். மேலே கோரமான காயம், உள்ளே நுரையீரல் வரை எதுவும் போயிருக்காது. பக்கத்து இறைச்சியும் ரத்தம் கட்டி வீணாகும். எதிர்ப்பக்கம் இன்னொரு தவறு: கெட்டியான குண்டு வெகுதூரத்தில் வேகம் குறைந்து பட்டால் விரியாமல் துளைத்துப் போகும். வழக்கமான சாஃப்ட் பாயின்டுகள் பல, பட்ட நேரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 1800 அடி வேகமாவது இருந்தால் நன்றாக விரியும். முழுச் செம்பில் சிலவற்றுக்கு 2000 வேண்டும். தயாரிப்பாளரின் அட்டவணையில் இந்தக் குறைந்தபட்ச வேகம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் ஆற்றல் எண்ணை வைத்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. .308இன் 150 கிரெய்ன் சாதாரண சாஃப்ட் பாயின்ட் விநாடிக்கு 2820 அடியில் புறப்படும். 300 கெஜத்தில் 2000 சொச்சம், 400 கெஜத்தில் 1775 அளவு. அந்த 400 கெஜத்திலும் ஆற்றல் 1000 அடி-பவுண்டுக்குச் சற்று மேலேயே நிற்கும். மானுக்கு 1000 போதும் என்ற வாய்வழி விதியைப் பிடித்துக்கொண்டால் 'சுடலாம்' என்றுதான் தோன்றும். ஆனால் குண்டு விரியும் வேகம் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. பழைய .30-30க்கான குண்டுகள் இன்னும் மெதுவாகவே போகின்றன. அவற்றை அந்த மெதுவான வேகத்தில் விரியும்படி மென்மையாகவே செய்கிறார்கள். ஆகவே 1800 என்பதும் எல்லாக் குண்டுக்கும் பொருந்தும் விதியல்ல.

எடைக்கு வருவோம். ஈயக் குண்டில் .243க்கு 95 முதல் 100 கிரெய்ன், 6.5 கிரீட்மோருக்கு 129 முதல் 143, .270க்கு 130, 7எம்எம்-08க்கு 140, .308க்கு 150 அல்லது 165, .30-06க்கு 150 முதல் 180. இந்த எல்லைக்குள் இருந்தால் பெரும்பாலான மான்களுக்குச் சரி. .243இல் நரி, முயல் போன்றவற்றுக்கான 55 முதல் 75 கிரெய்ன் குண்டுகளும் அதே அலமாரியில் இருக்கும். அவை தோலுக்கடியிலேயே வெடித்துச் சிதறும்படி செய்தவை, மானுக்கு வேண்டாம். செம்புக்கு மாறுகிறவர் ஒரு படி இலேசாக எடுப்பது நல்லது: .308இல் 165க்குப் பதில் 150, அல்லது 130. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது. நீளமான குண்டை நிலையாகச் சுழற்ற உங்கள் குழலின் வரிமுறுக்கு (உள்ளே வெட்டிய சுருள் வரிகளின் முறுக்கு) போதாமல் போகலாம். காகித இலக்கில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் அதுதான் காரணம்.

எடையிலும் அளவிலும் சட்டமும் பேசும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புள்ளிமானுக்கும் ஃபேலோ மானுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவும் எடையும், கடமானுக்கு அதைவிடப் பெரியதும் கனமானதும் வேண்டும். நம் காட்டுக் கடமானின் உடம்பு தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் நியாயம் சொல்லாமலே விளங்கும். இங்கிலாந்தில் பெரும்பாலான மான்களுக்கு .240 அங்குலமும் 1700 அடி-பவுண்டும் குறைந்தபட்சம், குண்டும் விரியும் வகையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் .24 அளவு, 70 கிரெய்ன், 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் அந்தந்த அரசின் விதிநூலைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

கட்டுரை பரிந்துரைத்த மேக்னம் பற்றி ஒரு சொல். .300 வின்செஸ்டர் மேக்னம் நல்ல தோட்டா, மறுப்பில்லை. ஆனால் 200 மீட்டர் மானுக்கு அதன் உதை தேவையற்ற சுமை. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடி உடம்பை இறுக்குகிறவருக்கு எந்தக் குண்டும் உதவாது. மார்பில் சரியாகப் படும் .243, வயிற்றில் படும் மேக்னத்தைவிட எவ்வளவோ மேல்.

வாங்கும் முறை இது. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி, 20 தோட்டா, முதலில் வாங்குங்கள். அசையாத தாங்கியில் வைத்து 100 மீட்டரில் மும்மூன்றாகச் சுடுங்கள்; ஒவ்வொரு மூன்றுக்கும் இடையே குழலைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறவிடுங்கள். செம்புக்கும் ஈயத்துக்கும் இடையே மாறும்போது குழலைச் செம்புக் கறை போகத் துடைக்காவிட்டால் சிதறல் கூடி, குறையைத் தோட்டாவின் மேல் போடுவோம். மூன்றும் 4 செ.மீ.க்குள் விழுந்தால் போதும். மானின் உயிர்நிலை (இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி) ஏறத்தாழ 20 செ.மீ. அகலம், ஒரே துளையில் மூன்று குண்டு என்று அலைய வேண்டாம். ஒரே எடையாக இருந்தாலும் தயாரிப்பாளர் மாறினால் படும் இடம் பல செ.மீ. நகரும், எனவே தேர்ந்தெடுத்த வகைக்கு ஸ்கோப்பைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். பிறகு பருவத்துக்குத் தேவையானதை ஒரே லாட் எண்ணில் (ஒரே தொகுதியில் செய்தவை என்று காட்டும் எண்) சேர்த்து வாங்குங்கள். அந்த எண் பெட்டியின் மடிப்பிலோ உள்பக்கத்திலோ அச்சாகி இருக்கும். கடைசியாக, ஆறிய குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே படுகிறது என்று வேறொரு நாள் பாருங்கள். காட்டில் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான்.

பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் சுமார் 100 அடி கழித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தான தவறுகள் சில. கூட்டின் அடியில் பொறித்த பெயரும் குழலில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைபிளின் அறைக்குள் நுழைந்துவிடக்கூடும். சுட்டால் துப்பாக்கி வெடிக்கும், முகத்துக்குப் பக்கத்தில். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசின் கொண்ட லீவர் ரைபிளில் கூர்நுனிக் குண்டு போட்டால், அந்தக் கூர்மை முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரைக் குத்தும். தட்டை நுனியோ அதற்கென்றே செய்த மென்நுனியோதான் வேண்டும். ஒரே தோட்டாவை நாள்தோறும் அறைக்குள் ஏற்றி இறக்கினால் குண்டு கூட்டுக்குள் அமுங்கி அழுத்தம் கூடும். புதியதோடு பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டு, குட்டையாகிவிட்டதை ஒதுக்குங்கள்.

ஈயக் குண்டு சுட்ட மானில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் காயத்தைச் சுற்றி, எதிர்பார்ப்பதைவிடத் தள்ளியும் பரவியிருக்கும். வேகமாக விரியும் குண்டில் இது அதிகம். காயத்தைச் சுற்றிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். தண்ணீரில் கழுவுவது துகள்களை மற்ற இடங்களுக்கும் பரப்பும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் சாப்பிடப்போகும் வீடு என்றால் செம்புக் குண்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். எறிந்த கழிவைத் தின்னும் கழுகுகளுக்கும் அந்த ஈயம் நஞ்சுதான். கலிஃபோர்னியாத் தடைக்கு காண்டோர் கழுகும் ஒரு காரணம்.

மீதித் தோட்டாக்களை அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே, சூடும் ஈரமும் இல்லாத இடத்தில், ரைபிளிலிருந்து தனியாகப் பூட்டி வையுங்கள். வகை கலந்து பையில் கிடக்கும் தோட்டாக்களை வேட்டைக்கு எடுத்துப்போக வேண்டாம். அவற்றைப் பயிற்சித் திடலில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்