வழி மறுத்தால் மாற்று வழியையும் சொல்லுங்கள்: இடிமேகம் குறித்து ஒரு திறந்த மடல்

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், இந்திய விமான நிலையங்கள் ஆணையம், விமானப்படையின் வான்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், சக விமானிகளுக்கும்,

வணக்கம்.

2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் பதான்கோட் அருகே 36,000 அடியில் ஆலங்கட்டிப் புயலில் சிக்கியது. எல்லைப் பக்கமாக, அதாவது இடப்பக்கம், விலகிப்போக விமானிகள் அனுமதி கேட்டார்கள். விமானப்படையின் வடக்குக் கட்டுப்பாடு தரவில்லை. பாகிஸ்தானின் லாகூர் வான்கட்டுப்பாட்டைக் கேட்டார்கள்; அங்கும் மறுப்பு. திரும்பிவிட முயன்றபோது மேகம் மிக அருகில் இருந்ததால் அதை ஊடுருவியே போக முடிவெடுத்தார்கள் என்கிறது இயக்குநரகத்தின் அறிக்கை. உள்ளே ஆட்டோபைலட் விடுபட்டது, வேகம் தாறுமாறாக ஏறி இறங்கியது, ஒரு கட்டத்தில் விமானம் நிமிடத்துக்கு 8,500 அடி என்ற அளவில் இறங்கியது. மூக்குக் கூம்பு சேதமடைந்த நிலையில்தான் ஸ்ரீநகரில் தரையிறங்கியது.

அந்த நாட்களில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடியிருந்தது. மறுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ‘இடப்பக்கம் முடியாது’ என்று சொல்ல வேண்டிய நிலை இனியும் வரும். அப்போது ‘வலப்பக்கம் 30 மைல் வரை போகலாம்’ என்றோ, ‘இப்போதே திரும்பினால் இந்தத் திசை காலி’ என்றோ அதே பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் முதல் கோரிக்கை இதுதான்.

ஏன் அதே பதிலில்? கணக்கைப் பாருங்கள். தரைவேகம் 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 8 கடல் மைல். கடுமையான இடிமேகத்திலிருந்து 20 மைலாவது தள்ளிப் போக வேண்டும் என்பது பாலபாடம். மேகம் 60 மைலில் இருக்கும்போது கேட்டால், கையில் இருப்பது 40 மைல், ஐந்தே நிமிடம். அதற்குள் கட்டுப்பாட்டாளர் பக்கத்து செக்டாரை (அடுத்த வான்பகுதியின் கட்டுப்பாட்டாளரை) அழைக்க வேண்டும், ராணுவப் பிரிவைக் கேட்க வேண்டும், நெரிசலான அலைவரிசையில் பதிலும் சொல்ல வேண்டும். ‘ஸ்டாண்ட்பை’ (காத்திருங்கள்) என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு நிமிடம் போய்விடும். திரும்பிப் போவதும் எளிதல்ல. அந்த வேகத்தில் 25 டிகிரி சாய்ந்து வந்த திசைக்கே முழுதாகத் திரும்ப 14 மைல் அகலமும் ஏறக்குறைய மூன்று நிமிடமும் தேவை. தாமதமாக வரும் மறுப்பு, திரும்பும் வழியையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது.

விமானிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 100 மைலுக்கு முன்பே கேட்டால் 15 டிகிரி திரும்பினாலே பாதையிலிருந்து 27 மைல் விலகிவிடலாம். 40 மைலில் விழித்துக்கொண்டால் 30 டிகிரி திரும்பியும் 23 மைல்தான் கிடைக்கும். கட்டுப்பாட்டாளரின் செகண்டரி ரேடாரில் தெரிவது விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் கருவி தரும் பதில் மட்டுமே. உங்கள் வானிலை ரேடாரில் நீங்கள் பார்க்கும் சிவப்புத் திட்டு அவரது திரையில் இல்லை. ‘ரிக்வெஸ்ட் ரைட் டர்ன்’ (வலப்பக்கம் திரும்ப அனுமதி வேண்டும்) என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் திட்டமிட முடியாது. எந்தப் பக்கம், எத்தனை மைல் வரை, எவ்வளவு தூரத்துக்கு, எத்தனை நிமிடத்தில் பதில் வேண்டும் என்ற நான்கையும் முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். அவசரம் என்றால் ‘வெதர் டீவியேஷன் ரிக்வயர்ட்’ (வானிலையால் விலகியே ஆக வேண்டும்) என்ற சொற்றொடர் இருக்கிறது. அதைச் சொன்னால் அலைவரிசையில் முன்னுரிமை கிடைக்கும். அதுவும் பலிக்காவிட்டால் அவசர நிலையை அறிவிக்கும் ‘பான் பான்’ அழைப்பு, மூன்று முறை. இதைச் சொல்லத் தயங்குவதில் எந்தப் பெருமையும் இல்லை.

சொந்த ரேடாரை மட்டும் நம்பி மேகங்களுக்கு இடையே சந்து தேடாதீர்கள். முன்னால் கொட்டும் கனமழை ரேடார் அலையை விழுங்கிவிடும். அதற்குப் பின்னால் கறுப்பாகத் தெரியும் இடம் காலியிடமாக இருக்க வேண்டியதில்லை. 1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சதர்ன் ஏர்வேஸ் 242 விமானம் அப்படித்தான் புயலுக்குள் போய், மழையாலும் ஆலங்கட்டியாலும் இரண்டு என்ஜின்களையும் இழந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 72 பேர் இறந்தார்கள். அபாயகரமான வானிலைத் தகவலை உடனுக்குடன் விமானிகளுக்குச் சேர்க்க அன்றைய கட்டுப்பாட்டு முறையால் இயலாததையும் விசாரணை ஒரு காரணமாகச் சுட்டியது. ஆகவே, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் படம் ஒவ்வொரு கட்டுப்பாட்டு மேசையிலும், கண் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அந்தப் படம் சில நிமிடம் பழையதாக இருக்கும். அதை வைத்து விமானத்தை மேகங்களுக்கு நடுவே நுழைத்து ஓட்டக் கூடாது. ஆனால் எந்தப் பக்கத்துக்குக் கோரிக்கை வரப்போகிறது என்பதை முன்கூட்டியே ஊகிக்க அது போதும். கட்டுப்பாட்டாளர்களே, முன்னால் போனவர் எந்தப் பக்கம் விலகினார் என்பதை அடுத்தவர் கேட்காமலே அவருக்குச் சொல்லுங்கள். அதைவிடப் புதிய தகவல் வேறில்லை.

சென்னையைச் சுற்றித் தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளமும் இருக்கின்றன. இடிமேகம் கிளம்பிய பிறகு தொலைபேசியில் அனுமதி கேட்பது தாமதமான வேலை. விமானங்களுக்கு வானிலை மையம் வெளியிடும் இடிமழைக்கான ‘சிக்மெட்’ எச்சரிக்கை நான்கு மணி நேரம் வரை செல்லுபடியாகும். அது வெளியான உடனேயே இரு தரப்பு மேற்பார்வையாளர்களும் பேசி, எந்த உயரத்தில் எந்தப் பட்டையை விடுவிக்கலாம் என்று முடிவுசெய்து வைக்கலாமே. எல்லையோரப் பாதைகளில் ஒரு பக்கம் அறவே கிடையாது என்றால், திரும்ப இடம் இருக்கும்போதே அதை விமானிக்குச் சொல்லிவிடுங்கள்.

வங்கக் கடலின் மேல் நிலைமை வேறு. எச்.எஃப். (தொலைதூர) வானொலியிலோ தரவு இணைப்பிலோ அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வரும்வரை மேகம் காத்திருக்காது. அனுமதி கிடைக்காமல் விலக நேர்ந்தால் செய்ய வேண்டியதைச் சர்வதேச விதி தெளிவாகச் சொல்கிறது. 5 மைலுக்குள் விலகினால் அதே உயரம். அதற்கு மேல் என்றால், 5 மைலைத் தொடும்போது உயரத்தில் 300 அடி மாற்றம்: கிழக்கே போகிறவர் இடப்பக்கம் விலகினால் இறங்க வேண்டும், வலப்பக்கம் விலகினால் ஏற வேண்டும், மேற்கே போகிறவருக்கு இது தலைகீழ். விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். 121.5, 123.45 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டிலும் உங்கள் இடத்தையும் எண்ணத்தையும் அறிவிக்க வேண்டும். 2020 வரை இந்த எல்லை 10 மைலாக இருந்தது. பழைய எண்ணையே மனத்தில் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டாளர்களே, ஒருவர் இப்படி விலகுவதாக அறிவித்தால் அந்த நேரத்தில் விளக்கம் கேட்காதீர்கள். அருகில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மேகம் கடந்ததும் ‘க்ளியர் ஆஃப் வெதர்’ (மோசமான வானிலையைக் கடந்துவிட்டோம்) என்று சொல்ல விமானிகள் மறக்கக் கூடாது. அதுவரை உங்களுக்காக ஒதுக்கிய வான்வெளி பிறருக்குக் கிடைக்காது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ராணுவப் பிரிவுகளுடனான முன் உடன்பாட்டையும், ‘மறுப்புடன் மாற்று வழி’ என்ற விதியையும் அதற்கு முன் எழுத்து வடிவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விமானிகள், கட்டுப்பாட்டாளர்கள் சிலர்