எழுதும் வேகத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடி டைல்ஸ், பலகாரம் விற்கும் சிறு கடைகளின் இணையதளங்களைப் பராமரித்து வருகிறேன். தளம் செய்துகொடுப்பவர்களில் பலர் முதல் பக்கத்தைத் திறந்து காட்டி, "பாருங்க, சட்டுன்னு வருது" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது, கடையின் தகவல்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸிலிருந்து வாசிக்கும் வேகம் மட்டுமே. அதிலும், ஒருமுறை படித்த தரவு மெமரியில் தங்கிவிட்டால் மறுமுறை டிஸ்க்கைத் தொடாமலே பக்கம் வந்துவிடும்.

ஆர்டர் விழுவது எழுதும் வேலை. பெட்டியடியில் பேரேட்டை நாலு பேர் சுற்றி நின்று பார்க்கலாம். பற்று எழுதுவது ஒரு கைதான். ஒரு பலகாரக் கடையின் தளம் தீபாவளி நேரத்தில் இப்படித்தான் திணறியது. பலகாரப் பெட்டியின் இருப்பு எண்ணிக்கை அட்டவணையில் ஒரே வரி. ஒவ்வொரு ஆர்டரும் அந்த வரியைப் பூட்டி, ஒன்றைக் குறைத்துவிட்டுத் திறக்க வேண்டும். தளத்தைச் செய்தவர்களோ, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த பிறகே பூட்டு திறக்கும்படி எழுதியிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். படம் பார்க்கிற பக்கமோ அப்போதும் வேகமாகவே வந்தது. மின்னஞ்சலைப் பூட்டுக்கு வெளியே தள்ளியதும் நெரிசல் தீர்ந்தது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். சிஸ்பெஞ்ச் என்ற இலவசக் கருவி வாசிப்பு, எழுத்து, இரண்டும் கலந்தது என மூன்றையும் தனித்தனியே அளந்து சர்வரின் தாங்குதிறனைச் சொல்லும். மெமரியை விடப் பெரிய தரவை வைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு, ஒரே பொருளுக்குப் பலர் ஒரே நேரத்தில் ஆர்டர் போடுவதுபோல் தளத்தையும் சோதிக்க வேண்டும். சராசரியை மட்டும் நம்பக் கூடாது. 100 பேரில் 90 பேருக்கு 0.1 வினாடியும் 10 பேருக்கு 4 வினாடியும் ஆனால், சராசரி அரை வினாடிக்கும் கீழேதான் காட்டும். 95 விழுக்காட்டினருக்கு எத்தனை வினாடிக்குள் முடிந்தது என்று கேளுங்கள். தளம் டேட்டாபேஸிடம் கேட்பவற்றில் மெதுவாக முடியும் கேள்விகளைக் குறித்துவைக்கும் பதிவேடு, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் தானாக இயங்காது. இயக்கினாலும் 10 வினாடியைத் தாண்டியதைத்தான் எழுதும். அதை ஒரு வினாடிக்கு இறக்கி வைப்பது என் வழக்கம்.

எழுதும் வேகம் மிக அதிகம் என்று யாராவது காட்டினால், எந்த அமைப்பில் அளந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆர்டரை உடனுக்குடன் டிஸ்க்கில் இறக்காமல் வினாடிக்கு ஒருமுறை இறக்கினால் எண் எகிறும். ஆனால் மின்சாரம் போனால் கடைசி ஒரு வினாடியில் வந்த ஆர்டர்கள் தொலைந்துபோகலாம். பணம் பிடித்திருக்கும், ஆர்டர் இருக்காது. வாடிக்கையாளர் கடைக்காரரைத்தான் கேட்பார்.

எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் மட்டுமல்ல, கோயில் அறக்கட்டளைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் தளத்துக்கு ஒப்பந்தம் போடும்போது வாசிப்பு, எழுத்து இரண்டின் அளவீட்டு அறிக்கையையும் தனித்தனியே கேட்டு வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்,
காரைக்குடி