எரிவாயுக் குழாயின் கடைக்கோடியிலும் அழுத்தமானி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வீடுகளுக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு வழங்கும் திட்டம் என்றாலே இணைப்புக் கட்டணமும் தோண்டிப் போட்ட சாலைகளும்தான் பேசப்படுகின்றன. மண்ணுக்குள் இருக்கும் அந்தக் குழாயில் எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை எப்படிக் கண்காணிக்கப் போகிறார்கள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

குழாய் நெடுகிலும் கருவி பொருத்த இயலாது. சில இடங்களில் அளந்த அழுத்தம், பாய்வு, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு மற்ற இடங்களின் நிலையைக் கணக்கிட்டே அறிகிறார்கள். எண்ணூரிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குத் திட்டமிடப்பட்ட பெருங்குழாய் போன்றவற்றில், உள்ளே போன வாயுவிலிருந்து வெளியே வந்ததைக் கழித்துக் கசிவைச் சொல்லிவிட முடியாது. அழுத்தம் கூடும்போது வாயு குழாய்க்குள்ளேயே சேர்ந்து, தேவை மிகும்போது குறையும் என்பதால் அந்த இருப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நகரத் தெருக்களில் சிக்கல் வேறு. ஒரு தெருவின் கடைசியில் 3.6 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்ல, அங்குள்ள அழுத்தமானி 3.3 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கசிவா, கருவிப் பழுதா என்பதை அந்த ஒற்றைக் கருவியைக் கொண்டு எவராலும் தீர்மானிக்க இயலாது. அடுப்புகள் அணைந்திருக்கும் நள்ளிரவில், நடுவழியில் உள்ள இன்னொரு அழுத்தமானியும் குறைவாகக் காட்டி, நுழைவிடத்துப் பாய்வுமானியும் கூடுதலாகக் காட்டினால் வாயு எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். மற்றவை கணக்கோடு ஒத்துப்போனால் கருவியில்தான் பழுது. கூடுதலாக ஒரு கருவி வைப்பதை வீண்செலவு என்று கருதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்துக்கும் பாதாளச் சாக்கடைக்கும் மீண்டும் மீண்டும் தோண்டப்படும் ஊர் இது. பொக்லைன் பல் பட்டுக் குழாய் கீறினாலும் அன்றே தெரியும் என்பதில்லை. கசிவை உணர்த்துவதற்காக வாயுவில் சேர்க்கப்படும் மெர்காப்டான் என்ற வேதிப்பொருளின் நெடி நம்மை எச்சரிக்கும் என்றிருக்கவும் முடியாது. மண்ணை ஊடுருவி வரும்போது அந்த நெடி மட்டுப்படக்கூடும். 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் ‘நகரம்’ என்னும் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாடு மறந்திருக்காது.

எனவே ஒவ்வொரு கிளைக் குழாயின் கடைக்கோடியிலும் அழுத்தமானி பொருத்தி, குறித்த காலத்தில் அளவுத்திருத்தம் செய்து, அளவீடும் கணக்கும் முரண்பட்டால் தீயணைப்பு நிலையத்துக்கு உடனே தகவல் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். தார் போட்ட பிறகு அதே சாலையை இதற்காக மறுபடி தோண்டாமல், குழாய் பதிக்கும்போதே இதைச் செய்து முடிக்குமாறு மாநகராட்சி நிபந்தனை விதிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவியியல் பொறியாளர்,
திருநகர், மதுரை.