தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம், அப்பா

செந்தூல், கோலாலம்பூர்
ஐப்பசி 24

அன்புள்ள அப்பாவுக்கு, முருகேசன் வணக்கத்துடன் எழுதுவது.

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தால், இதை அச்சடித்தே வைத்திருக்கிறானா என்று கேட்பீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே கிடைத்துவிட்டது. பதில் எழுதாமல் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தது நான்தான். ஆடிப்பெருக்குக்கு எழுதியதோடு சரி என்று நீங்கள் குத்திக்காட்டியது நியாயமே. புவனாவிடம் தினமும் போனில் பேசிவிடுகிறேன். அக்காவிடம் வாரம் ஒருமுறை. உங்கள் காதுக்குப் போன் எட்டாது என்பதால் உங்களுக்கு மட்டும் காகிதம் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் எழுதிவிடுவேன். உட்காருவதுதான் பெரும்பாடு.

முதலில் ஒன்று. கொல்லை அறையில் இருக்கும் இசைத்தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். நான் சொன்னதாகவே அத்தானிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. காலையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு (மத்தியானம் மழை வந்து நனைத்துவிடும், அது வேறு கதை) செந்தூல் ஸ்டேஷனில் ரயில் ஏறுவேன். மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். அங்கேதான் கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுகின்றன. கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்றுக் கூடுதுறை என்று அர்த்தமாம். நம் பக்கத்தில் இரண்டு ஆறு கூடினால் ஒரு கோயில் கட்டி அமாவாசைக்கு முழுக்குப் போடுவோம். இங்கே ஒரு மசூதி இருக்கிறது, 1909இல் கட்டியது, பார்க்க அழகு. ஆற்றில் மட்டும் யாரும் கால் நனைப்பதில்லை. அங்கிருந்து தாமான் ஜெயா போய் இறங்கினால் அம்கார்ப் மால். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதற்குள் பழைய சாமான் சந்தை கூடும். நம் வாரச் சந்தைக்குக் குளிர்சாதனம் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. கடிகாரம், நாணயம், தகர டப்பா, பீங்கான், நடுநடுவே பெட்டி பெட்டியாக இசைத்தட்டு. இந்த ஊரில் எனக்குக் குளிர் என்று ஒன்று தெரிந்தது அந்தக் கட்டடத்துக்குள்தான்.

இந்தக் காலத்தில் தட்டு யார் வாங்குகிறார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இருபது வயதுப் பையன்கள் வாங்குகிறார்கள், அப்பா. காதில் கடுக்கன், கையில் பச்சை, இரண்டு கையாலும் விளிம்பை மட்டும் பிடித்துத் தட்டைத் தூக்கி, விளக்குக்கு நேராகச் சாய்த்துக் கீறல் பார்க்கிறார்கள். நீங்கள் எனக்கு முதுகில் ஒன்று வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே பிடி. ஒரு பயலாவது நடுவில் விரல் வைக்க வேண்டுமே! இவர்கள் அடித்துக்கொள்வது 1960களில் வந்த மலாய்ப் பாட்டுக் குழுக்களின் சின்னத் தட்டுகளுக்காக. பீட்டில்ஸ்காரர்கள் 'யே யே' என்று பாடினார்கள் அல்லவா, அதை வைத்து அந்தப் பாட்டுகளுக்கே 'பாப் யே யே' என்று பெயர் விழுந்துவிட்டது. படம் போட்ட உறை கிழியாமல் இருந்தால் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் பி. ரம்லி. பினாங்கில் பிறந்தவர், 1973இல் இறந்துவிட்டார். நடிப்பு, பாட்டு, இசையமைப்பு, இயக்கம் எல்லாம் அவர் ஒருவரே. நம் எம்.ஜி.ஆர்., டி.எம்.எஸ்., எம்.எஸ்.வி. மூவரையும் ஒன்றாகப் பிசைந்து வைத்தது போல. அவரை முதன்முதலில் கதாநாயகனாகப் போட்டுப் படம் எடுத்தவர் எல். கிருஷ்ணன், 1950இல். அந்தக் கடைக்காரருக்கு இதைச் சொன்னேன், அவர் எனக்கு அதைவிட நாலு மடங்கு சொன்னார்.

தமிழ்த் தட்டெல்லாம் தரையில், 'இந்தியா' என்று எழுதிய அட்டைப்பெட்டியில். இந்தி, தெலுங்கு, பஜனை, நாடகம், எல்லாம் ஒரே குப்பை. கடைக்காரர் சீனர், எழுத்துத் தெரியாது. மூன்று ஞாயிறு உட்கார்ந்து நான்தான் பிரித்துக் கொடுத்தேன். எக்கோ கம்பெனி போட்ட இளையராஜாவின் பெரிய எல்.பி. தட்டுகளை மேலே எடுத்து வைக்கச் சொன்னேன், அந்த வாரமே இரண்டு போய்விட்டன. ஓர் உறையில் பேனாவில் 'மாலை மாற்றும்போது' என்று எழுதியிருந்தது. ஏதோ ஒரு தோட்டத்தில் நம்மைப் போலவே ஒலிபெருக்கி வைத்திருந்த ஆளின் கையெழுத்தாக இருக்க வேண்டும். நீங்கள் சிவப்புப் பென்சிலில் 'தாலி' என்று எழுதி வைப்பீர்களே, அந்த நினைப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து கடைக்காரர் பழுதான யந்திரங்களையும் என்னிடம் தள்ளுகிறார். இந்த ஊர் ஈரத்துக்கு ரப்பர் பெல்ட் உருகித் தார் போலச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுரண்டித் துடைத்து, புதுப் பெல்ட் மாட்டி, முள்ளின் பாரத்தைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். முதலில் கூலிக்குப் பதில் ஏதாவது ஒரு தட்டு எடுத்துக்கொள்வேன். இப்போது அறையில் வைக்க இடமில்லை, ஆகவே வெள்ளியாகவே வாங்கிக்கொள்கிறேன். (வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட்.) இடத்துக்காகத்தான், வேறொன்றுமில்லை. என்னிடம் சேர்ந்திருந்த பதினொன்றில் பத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நகரத்துக்குள்ளே கம்போங் அத்தாப் என்ற இடத்தில் ஒரு பழைய சீனக் கட்டடம் இருக்கிறது, சோங்ஷான் கட்டடம் என்பார்கள். ஓவியர்கள், புத்தகக்காரர்கள் எல்லாம் அதில் அறை அறையாகக் குடியிருக்கிறார்கள். அங்கே தண்டாங் என்று ஒரு தட்டுக் கடை. மலாயில் 'பெர்தண்டாங்' என்றால் ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாம். பெயருக்கு ஏற்றபடி நானும் ஒன்றும் வாங்காமல் பார்த்துவிட்டு வந்தேன். இளவட்டங்களின் கூச்சல் பாட்டு நிறைய. உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும்தான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. செந்தூலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்க் கடை. காலையில் ரொட்டி சானாய், நம் பரோட்டாவின் ஒல்லியான தம்பி, பருப்புக் குழம்போடு. ஒன்று போதும் எனக்கு. டீ மட்டும்தான் தகராறு. எல்லாவற்றிலும் டின் பாலை ஊற்றிப் பாயசமாக்கிவிடுகிறார்கள். அம்மா இருந்தபோது விடியற்காலையில் டிகாஷன் இறங்கும் சத்தம் கேட்குமே, சொட்டுச் சொட்டாக, அதைப் பற்றி இங்கே யாரிடம் சொல்வது?

பக்கத்து அறைக்காரரைப் பற்றி எழுதவில்லை அல்லவா. எழுபது வயதுச் சீனர், எல்லாரும் ஆ பேக் என்று கூப்பிடுகிறோம். தெலுக் இந்தான் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ரப்பரைக் 'கித்தா' என்பார். நான் ரப்பர் என்றால் திருத்துவார். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்துக்கொண்டே சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டை உரத்துப் பாடுவார். முதல் நாள் நான் ஊரில்தான் இருக்கிறேன் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எந்தக் கல்யாண வீட்டிலும் நீங்கள் முதலில் போடும் தட்டு அல்லவா அது. தீபாவளி அன்று கதவைத் தட்டித் திறக்க வைத்து, சந்தையில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா?" என்று அதட்டினார். குளித்தேன் என்று சொன்னேன். உங்களுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தட்டு விஷயம். போன மாதம் அந்தப் பெட்டிக்கு அடியில், உறை இல்லாமல், ஓர் அரக்குத் தட்டு கிடந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று, ஓடியன் கம்பெனி. லேபிளில் பாதி எழுத்து உதிர்ந்துபோய், 'ராஜரத்தினம்' மட்டும் தெரிந்தது. விளிம்பிலிருந்து லேபிள் வரைக்கும் முடி போல ஒரு விரிசல். விற்காது, எடுத்துக்கொண்டு போ என்றார் கடைக்காரர். அவரிடம் 78க்கான முள் ஒன்று தனியாக இருந்தது. எல்.பி. முள்ளைவிட மூன்று மடங்கு அகலம், நீங்கள் சொல்வீர்களே, மெல்லிய முள் போட்டால் பள்ளத்துக்கு அடியில் போய்ச் சுரண்டும் என்று. அதை மாற்றி, விரிசலில் இடறாத திசையா என்று பார்த்து, போட்டோம்.

தோடி ராகம். திருவாவடுதுறை ராஜரத்தினத்தின் தோடி.

விரிசல் முள்ளில் படும்போதெல்லாம் டக், டக் என்று ஒரு சத்தம், நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை, தப்பாமல், தாளக்காரர் போல. அதற்குப் பின்னால் நாகசுரம். சீன, மலாய்ப் பையன்கள் இரண்டு பேர் பெட்டியைக் கிளறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நிமிடம் ஆயிற்று, ஆலாபனை பாதியில் தொங்க, பக்கம் முடிந்துவிட்டது. என் கை தானாக நீண்டுவிட்டது, அப்பா, அடுத்த தட்டை எடுக்க. தேரடித் தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, நீங்கள் இரண்டு யந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தப் பக்கம் முடியும் மூச்சில் அந்தப் பக்கம் முள்ளை இறக்குவீர்கள். தெருவில் நிற்பவர்களுக்குத் தட்டு மாறியதே தெரியாது. நாய் மார்க் டப்பாவில் ஊசியை வைத்துக்கொண்டு நான் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்பேன். இங்கே அடுத்த தட்டு இல்லை. வெளியே வந்து ரயில் ஸ்டேஷன் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை விடட்டும் என்று.

அந்த ஒன்றுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆலாபனையின் மற்றப் பக்கங்கள் நம் கொல்லை அறையில் இருக்க வேண்டும். தேடிப் பார்த்து எத்தனை இருக்கின்றன என்று எழுதுங்கள்.

எனக்குப் பண முடை என்று உங்களுக்கு யார் சொன்னது? புவனாவா? ஓவர்டைம் நின்றது உண்மை, அது எல்லாருக்கும்தான். சம்பளம் இந்த முறை பத்து நாள் தள்ளி வரும், அவ்வளவே. தட்டுகளை எடைக்குப் போட்டால் மாமன் சீருக்கு ஒரு பக்கம் ஆகும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கடிதம் தலையணைக்குக் கீழே போயிற்று. எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? ஒரு வேளைக் காய்கறிக்கு ஆகாது. அக்கா குழந்தையின் காது குத்துக்குச் சீர் நான் அனுப்புவேன்.

மழை பிடித்துவிட்டது என்று அக்கா சொன்னாள், ஆகவே இதை உடனே செய்யுங்கள். ஒழுகுகிற மேற்குச் சுவரிலிருந்து தட்டுகளை நகர்த்தி, நடு அறை மர அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது போச்சு. காய வைக்கிறேன் என்று வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம், எல்.பி. அப்பளமாகிவிடும். பூஞ்சை இருந்தால் நல்ல தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம், லேபிளில் தண்ணீர் படக்கூடாது. அத்தான் ஸ்பிரிட் பாட்டிலோடு வருவார், கிட்டே விடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். உங்களுக்குத் தெரியாததா, அவருக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். அகுஜா ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால் அவரே எடுத்துக்கொள்ளட்டும், அதற்காவது சண்டை ஓயும்.

பாகப் பிரிவினைக்குச் சித்தப்பா கூப்பிட்டால், கிணற்றுப் பக்கத்து நிலத்தைப் பற்றி வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் வாருங்கள். கையெழுத்து நான் வந்த பிறகு. தையில் லீவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. ஒருவேளை கிடைக்காவிட்டால் சித்தி மகன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்திவிடலாம், அவனும் மாமன் முறைதானே. அக்காவிடம் இப்போதே சொல்ல வேண்டாம்.

கம்மல் எத்தனை கிராமில் என்று மட்டும் அவளிடம் கேட்டு எழுதுங்கள். நான் போனில் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறாள். அப்படிச் சொன்னால் இரண்டு பவுனுக்குக் குறையாது என்று எனக்குத் தெரியும்.

தங்கள் மகன்,
முருகேசன்

பி.கு: கண்ணாடி மாற்றினீர்களா? இந்தக் கடிதத்தைப் புவனாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். எழுத்தைப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன்.