பேசாத பிள்ளையும் ஒரு டோமினோ பெட்டியும்

ரோஸ் ஹில், மொரிஷியஸ்
ஆகஸ்ட் 4

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாள் திருத்துவதும் மதிப்பெண் ஏற்றுவதுமாக இரண்டாம் பருவம் முடிந்து, இப்போதுதான் குளிர்கால விடுமுறை. உங்களுக்கு ஆடிக்காற்று அடிக்கிற மாதம் எங்களுக்குக் குளிர். க்யூர்பீப் பக்கம் காலை ஒன்பது மணியானாலும் தூறல் விடுவதில்லை. அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மூட்டுவலிதான், மற்றபடி குறை ஒன்றுமில்லை. இந்த வருஷம் தைப்பூசத்துக்குக் கோர் த கார்ட் மலைக் கோயில் படியை அவரால் ஏற முடியவில்லை. கீழே நின்றே முருகனைக் கும்பிட்டுக்கொண்டார். அதிலிருந்து கொஞ்சம் மனசு விட்டுப்போயிருக்கிறார். நீ ஒரு தடவை போனில் பேசு. உன் மதுரைப் பேச்சைக் கேட்டால் அவருக்குத் தெம்பு வரும்.

உன் நாலாம் வகுப்புப் பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, படித்த நாளிலிருந்து அவன் நினைப்புதான். தினமும் காலையில் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். சனி ஞாயிறு வலி எட்டிப் பார்ப்பதில்லை. "நடிக்கிறான் டீச்சர்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோமு, அவன் நடிக்கவில்லை. மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியாக நேர்த் தொடர்பு இருக்கிறது. பயம் வந்தால் வயிறு இறுகும், புரளும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூம் வாசலில் நாம் வரிசை கட்டி நின்றோமே, அதே வலிதான். நமக்கு அதைப் பதற்றம் என்று சொல்லத் தெரியும். ஒன்பது வயசுப் பையனுக்கு வயிற்றைத் தொட்டுக் காட்டத்தான் தெரியும்.

எங்கள் பள்ளியிலும் ஐந்தாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். வந்து நின்றுகொண்டு "மோ வாந்த் பே ஃபெர்மால்" என்பான். கிரியோலில் வயிறு வலிக்கிறது என்று அர்த்தம். நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். மேஜை காலண்டரில் அவன் வலி சொன்ன நாளையும் நேரத்தையும் பென்சிலால் குறித்து வந்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாக் குறியும் செவ்வாய், வியாழன். எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த இரண்டு நாளும் பள்ளி விட்டதும் அவனுக்கு டியூஷன், இங்கே 'லெசோன்' என்பார்கள். அங்கே தேர்வு வைத்து, மதிப்பெண்ணைக் கடைசியிலிருந்து முதல் வரைக்கும் உரக்க வாசிப்பார்களாம். முதலில் வாசிக்கிற மூன்று பெயருக்குள், அதாவது கடைசி மூன்று இடத்துக்குள், அவன் பெயர் எப்போதும் வந்துவிடும். அவன் அம்மாவைக் கூப்பிட்டு காலண்டரைக் காட்டினேன். பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. வேறு இடத்தில், நாலே பேர் உட்காரும் லெசோனுக்கு மாற்றினார்கள். வலி ஒரே நாளில் போய்விடவில்லை, ஆனால் குறைந்தது. நீயும் ஒரு மாதம் குறித்துப் பார்க்கிறாயா? எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, அதற்கு முன்னால் என்ன நடந்தது, இது மூன்றும் போதும்.

நான் பிள்ளையாக இருந்தபோது ஆறாம் வகுப்பு சி.பி.இ. பரீட்சை என்றால் வீடே விரதம் இருக்கும். 2016-ஓடு அதை எடுத்துவிட்டு, 2017-லிருந்து பி.எஸ்.ஏ.சி. என்கிற பரீட்சையை வைத்திருக்கிறார்கள், ஐந்தாம் வகுப்பிலேயே சில பாடங்களை முடித்துவிடலாம், பாரத்தைப் பிரித்து வைக்கிற ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் பதினொரு வயசில் தலையெழுத்து முடிவாகிவிடும் என்கிற பயம் பெற்றோர் மனசிலிருந்து இன்னும் இறங்கவில்லை. அடியாவது போனது. 2020-ல் கொண்டுவந்த குழந்தைகள் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் வீட்டில்கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது. "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று சொல்வதற்குத்தான் இன்னும் தடை வரவில்லை. அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று நான் தினம் பார்க்கிறேன்.

சரி, உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு ஒரு பிள்ளையைப் பற்றி. பெயர் வேண்டாம், பாப்பா என்றே எழுதுகிறேன்.

இப்போது இரண்டாம் வகுப்பு. போன வருஷம் முழுக்க பள்ளியில் ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் வாய் ஓயாது என்று பாட்டி சொல்கிறார். தம்பியை அதட்டுவாள், டி.வி.யோடு சேர்ந்து பாடுவாள். பள்ளி கேட்டைத் தாண்டியதும் முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும். பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டாள், இரண்டு முறை உடையிலேயே போய்விட்டது. முதலில் நான் மொழிதான் காரணம் என்று நினைத்தேன். நம் பிள்ளைகள் பாடு உனக்குத் தெரியும். வீட்டில் கிரியோல், புத்தகத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், என் வகுப்பில் தமிழ். ஆறு வயசுக் குழந்தை ஒரே நாளில் நாலு மொழிக்குள் போய் வர வேண்டும். புது மொழி கேட்கிற பிள்ளை கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பது இயல்புதான். ஆனால் இவள் கிரியோலிலும் பேசவில்லையே. விளையாட்டு மைதானத்திலும் இல்லை, கூட்டாளிகளிடமும் இல்லை.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். வகுப்பின் முன்னால் நிறுத்தி, "வணக்கம் சொல்லு, சாக்லேட் தருகிறேன்" என்றேன். இருபது பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்தில் நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். உதடு அசையவில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கழுத்து என் கண்ணுக்குள் நிற்கிறது.

பல பள்ளிகளுக்குப் பொதுவாக வருகிற உளவியலாளர் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டுப் பெயர் சொன்னார்: செலக்டிவ் மியூட்டிசம். பேச்சு வரும், ஆனால் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட ஆட்கள் முன்னால் பதற்றம் தொண்டையை அடைத்துவிடும். பிடிவாதமும் இல்லை, கூச்சமும் இல்லை. பள்ளி சேர்ந்த முதல் மாதத்தை விட்டுவிட்டு, அதற்கப்புறமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டுமாம். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளிடம் கொஞ்சம் அதிகம். சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை என்று நாம்தான் உச்சிமுகர்ந்து விட்டுவிடுகிறோமே, அதனால் இது வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகும்.

அவர் சொல்லிக்கொடுத்த வழி இது. பிள்ளை யாரோடு தாராளமாகப் பேசுகிறதோ அவரை முதலில் வகுப்பறைக்குள் கொண்டுவா. ஆசிரியர் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழைய வேண்டும். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, மணி அடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் பாட்டியையும் பாப்பாவையும் காலி வகுப்பில் உட்கார வைத்தேன். பாட்டி தன் பையிலிருந்து டோமினோ பெட்டியை எடுத்தார். தாத்தா இருந்தபோது ஆடிய பழைய பெட்டி, மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டது. முதல் வாரம் கதவைச் சாத்திவிட்டு நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது. கோமு, ஒரு வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கொஞ்சம் கட்டையான குரல்.

அடுத்த வாரம் கதவைத் திறந்து வைத்தோம். அதற்கடுத்த வாரம் நான் உள்ளே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தேன். குரல் நின்றது. மூன்று நாள் கழித்து மறுபடி வந்தது, கிசுகிசுப்பாக. அப்புறம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டேன். கேள்வி ஒன்றும் கேட்கக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது, பேசிவிட்டால் "அடடா, பேசிட்டாளே" என்று கொண்டாடவும் கூடாது. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நமக்கு முப்பது வருஷமாகக் கேள்வி கேட்டே வாய் பழகியிருக்கிறது. "இந்தக் கட்டை இங்கே சேருமோ என்னமோ" என்று எனக்கு நானே பேசிக்கொள்ளப் பழகினேன்.

ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை. பாட்டி ஒரு கட்டையை வைத்தார். நான் புள்ளிகளை விரலால் தொட்டு மெதுவாக எண்ணினேன், "ஒன்று, இரண்டு, மூன்று" என்று. வேண்டுமென்றே நிறுத்தவில்லை, இருமல் வந்துவிட்டது. பாப்பா கட்டையைப் பார்த்தபடி "காத்" என்றாள். கிரியோலில் நாலு. பாட்டி என்னைப் பார்க்கவில்லை, நான் பாட்டியைப் பார்க்கவில்லை. அடுத்த கட்டையை எடுத்து வைத்தோம்.

இப்போது என்னிடம் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறாள், இரண்டு கூட்டாளிகளிடம் கிசுகிசுக்கிறாள். வகுப்பாசிரியரிடம் இன்னும் இல்லை. பாத்ரூம் போக ஒரு பச்சை அட்டை வைத்திருக்கிறோம், காட்டினால் போதும். இதில் எனக்கு ஒரு வசதி உண்டு. வகுப்பாசிரியர் மாறலாம்; எங்களுடையது சின்னப் பள்ளி, தமிழுக்கு நான் ஒருத்திதான், ஆறாம் வகுப்பு முடியும்வரை அதே முகம். தமிழ் என்றால் வாரத்துக்குச் சில பாடவேளைதானே என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு பிள்ளை ஆறு வருஷம் நம்பிக் கதவைத் தட்டக்கூடிய ஆள் பள்ளிக்குள் இருப்பதை எந்தப் பாடவேளைக் கணக்கில் எழுதுவது?

"சின்னப் பிள்ளைக்கு என்ன மனக்கவலை" என்று ஸ்டாஃப் ரூமில் இன்னமும் கேட்கிறார்கள். மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பெரிய எழுத்தில் எழுதி டீ வைக்கிற மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

மழைப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 15-ல் பெலால் புயல் அடித்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்து போன படத்தை நீயும் பார்த்திருப்பாய். அந்த வெள்ளத்தில் சிக்கிய ஒரு காருக்குள் பெரியப்பாவோடு இருந்த பையன், வானம் இருண்டாலே மேஜைக்கடியில் போய்விடுவான். பூவை முகர்ந்து விளக்கை ஊது என்று மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவார்கள், தெரியுமல்லவா? விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களே, எனக்கு அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் இரண்டு கையையும் கிண்ணம் மாதிரிக் குவிக்கச் சொல்லி, "உள்ளே சுடச்சுட ரசம், முதலில் வாசனை பிடி, அப்புறம் மெதுவாக ஊதி ஆற்று" என்றேன். வெளிமூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும், அவ்வளவுதான் விஷயம். இப்போது தூறல் போட்டால் வகுப்பே ரசம் ஆற்றுகிறது.

உங்கள் காலை உணவுத் திட்டத்தைப் பற்றி எழுதியதைச் சக ஆசிரியர்களுக்குப் படித்துக் காட்டினேன். 2022-ல் உங்கள் மதுரையில்தானே தொடங்கியது? சாப்பிட்டுவிட்டு உட்காருகிற பிள்ளை சண்டைக்குப் போவது குறைந்திருக்கிறது என்று நீ எழுதியிருந்தது எல்லோர் மனசிலும் பதிந்துவிட்டது. பசியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஹாஸ்டலில் ராத்திரி கரண்ட் போனால் நீ விடுகதை போடுவாயே, அதில் பத்து எழுதி அனுப்பு. விடை ஒரே சொல்லாக இருக்க வேண்டும், பாப்பாவுக்குத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும்: தேங்காய், குடை, நிலா, கரும்பு இந்த மாதிரி. பள்ளி திறக்க இரண்டு வாரம்கூட இல்லை, சீக்கிரம் அனுப்பு. அந்தப் பையனின் காலண்டரையும் மறக்காதே.

உன்,
தேவி